தறியைத் திட்டும் முன் கம்பியைப் பாருங்கள்

திருச்செங்கோட்டில் கரண்டால் எது கெட்டாலும் பழி விசைத்தறிக்குத்தான். வீட்டில் மாடுலர் சிந்தசைசர் கட்ட உட்காருகிறவரும், ஸ்பீக்கர் ‘ம்ம்ம்’ என்று இரைந்தால் முதலில் பக்கத்துத் தறிப்பட்டறையைத்தான் முறைப்பார்.

ஒலி எழுப்ப ஒரு பலகை, வடிகட்ட ஒரு பலகை, தாளம் கொடுக்க ஒரு பலகை என்று தனித்தனியாகச் செய்து, வயரால் கோத்து வாசிக்கும் கருவிதான் மாடுலர் சிந்தசைசர். இந்தியாவுக்குப் புதிதல்ல. 1969-லேயே அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் அமெரிக்க இசைக்கலைஞர் டேவிட் டியூடர் ஒரு மூக் (Moog) சிந்தசைசரை நிறுவினார். இன்று கையால் செய்பவர்களில் பலர் பின்பற்றுவது, ஜெர்மனியின் டீட்டர் டோப்ஃபர் 1990-களில் கொண்டுவந்த யூரோரேக் முறை. ப்ளஸ் 12 வோல்ட், மைனஸ் 12 வோல்ட், நடுவில் கிரவுண்ட்.

நம்பிக்கை: இரைச்சல் முழுவதும் லைனில் இருந்துதான் வருகிறது.

தறி மோட்டார் ஓடி நிற்கும்போது ‘டப்’ என்று கேட்டால், அது லைனில் வந்ததாக இருக்கலாம். மற்றதைச் சோதிக்க எளிய வழி உண்டு. யுபிஎஸ்-க்குப் போடும் 12 வோல்ட் பேட்டரி இரண்டைத் தொடராக இணைத்து, நடுமுனையைக் கிரவுண்டாக வைத்து, இருபுறமும் ஃப்யூஸ் போட்டு, ஹெட்ஃபோனில் கேளுங்கள். அப்போதும் ‘டிக் டிக்’ தொடர்ந்தால் தறிக்காரர் நிரபராதி.

குற்றவாளி பெரும்பாலும் கிரவுண்ட் வயர். ரிப்பன் கேபிளின் ஓர் இழைக்கு மீட்டருக்குச் சுமார் 0.2 ஓம் தடை. அரை மீட்டர் ஓடும் அந்த ஒற்றை இழையில் எல்லாப் பலகைகளையும் வரிசையாகத் தொங்கவிட்டு, 300 மில்லிஆம்பியர் திரும்பினால் 30 மில்லிவோல்ட் விழும். சின்னத் தொகைதானே என்று தோன்றும். ஆனால் இந்தக் கருவியில் ஒரு ஸ்தாயிக்கு ஒரு வோல்ட். அதைப் பன்னிரண்டாகப் பிரித்தால், சட்ஜத்துக்கும் சுத்த ரிஷபத்துக்கும் நடுவே இருப்பது 83 மில்லிவோல்ட் மட்டுமே. எல்இடி மினுக்கும்போதெல்லாம் சுருதி ஆடுவது இதனால்தான். பழைய வகை 555 ஐசி நிலை மாறும் கணத்தில் சட்டென்று கரண்டை இழுப்பதால், அந்த ‘டிக்’கும் இதே வழியாகப் பாட்டுக்குள் நுழையும்.

மருந்து விலை குறைந்தது. வீட்டு வயரிங்குக்கு வாங்கும் 1.5 ஸ்கொயர் எம்எம் செம்பு வயரை ஒவ்வொரு வரிசைக்கும் தனியாக, பவர் சப்ளையின் ஒரே புள்ளிக்குக் கொண்டுபோங்கள். அதே அரை மீட்டரில் விழுவது 2 மில்லிவோல்ட்டுக்கும் கீழே. ஒவ்வொரு ஐசியின் காலருகிலும் ஒரு 104 கெப்பாசிட்டர். இதைச் செய்யாமல் விலை உயர்ந்த பவர் சப்ளை வாங்குவது வீண் செலவு.

நம்பிக்கை: கெப்பாசிட்டர் பெரிதாக இருந்தால் ஹம் போய்விடும்.

நமது லைன் 50 ஹெர்ட்ஸ். ஃபுல்வேவ் டயோடுகளைத் தாண்டி வரும் அலை 100 ஹெர்ட்ஸ். ஒரு ஆம்பியருக்கு 4,700 மைக்ரோஃபாரட் வைத்தால் அலை 2 வோல்ட் அளவில் நிற்கும். அதன் அடிப்பகுதி 14 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் மீதியை 7812 ரெகுலேட்டர் பார்த்துக்கொள்ளும். 15-0-15 ட்ரான்ஸ்ஃபார்மருக்கு இதுவே போதும். அதற்குமேல் கூட்டினால், சுவிட்ச் போடும் கணத்தில் டயோடுதான் அடி வாங்கும்.

நம்பிக்கை: ப்ளஸ் பக்க 7812-ம் மைனஸ் பக்க 7912-ம் ஒன்றுபோலத்தான்.

பார்க்கத்தான். 7812-ன் முதுகுத் தகடு கிரவுண்ட். 7912-ல் அது இன்புட். இரண்டையும் மைக்கா இல்லாமல் ஒரே அலுமினியத் தகட்டில் முடுக்கினால் ஷார்ட்.

நம்பிக்கை: ஸ்டெபிலைசர் இரைச்சலை வடிகட்டும்.

வோல்டேஜை ஏற்றி இறக்குவதோடு அதன் வேலை முடிந்தது.

நம்பிக்கை: எர்த் பின்னை ஒடித்துவிட்டால் ஹம் நின்றுவிடும்.

பல நேரங்களில் நிற்கவும் செய்யும், ஆபத்தே அதில்தான். சிந்தசைசர் ஒரு எர்த்திலும் ஆம்ப்ளிஃபயர் வேறு எர்த்திலும் இருந்து, ஆடியோ கேபிள் அவற்றை இணைத்தால், அந்த வளையத்தில் ஓடும் கரண்ட்தான் ஹம். பின்னை ஒடித்தால் வளையம் அறும், பாதுகாப்பும் அறும். ட்ரான்ஸ்ஃபார்மரின் இன்சுலேஷன் என்றைக்காவது போனால், கை வைத்து வாசிக்கும் உலோக முகப்பில் 230 வோல்ட் நிற்கும். அதற்குப் பதிலாக, சிந்தசைசரையும் ஆம்ப்ளிஃபயரையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் செருகிப் பாருங்கள். போதவில்லை என்றால், மைக் செட்காரர்கள் வைத்திருக்கும் ட்ரான்ஸ்ஃபார்மர் வகை டிஐ பாக்ஸை ஆடியோ வழியில் போட்டு, அதன் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைத் தள்ளுங்கள். அறுக்க வேண்டியது ஆடியோ கேபிளின் கிரவுண்டை. மெயின்ஸ் எர்த்தை அல்ல. ஏற்கெனவே ஒடித்து வைத்திருப்பவர்கள் அடுத்த முறை சுவிட்ச் போடும் முன் புது மூன்று பின் ப்ளக் மாட்டிவிடுங்கள்.