தண்ணீர் நின்றது நீர்த்தேக்கத்தால் அல்ல

“ஜப்பான்காரன் நீர்த்தேக்கத்தைப் பிடித்துத் தண்ணீரை நிறுத்திவிட்டான், அதனால்தான் சிங்கப்பூர் சரணடைந்தது.” சிராங்கூன் சாலைப் பக்கம் பெரியவர்கள் பலர் இன்றும் இப்படித்தான் சொல்கிறார்கள். இதில் பாதிதான் உண்மை.

1942 பிப்ரவரி 14 அன்று மெக்ரிச்சி நீர்த்தேக்கம் ஜப்பானியர் கையில் இருந்தது உண்மை. ஆனாலும் தண்ணீர் வந்துகொண்டுதான் இருந்தது. உட்லீ, மெக்கென்சி சாலை ஆகிய இரண்டு நீரேற்று நிலையங்களும் அன்று காலை ஓடிக்கொண்டிருந்தன. உட்லீ, ஃபேரர் பார்க்கைத் தாண்டி சிராங்கூன் சாலையோடு வடக்கே போனால் வரும். மெக்கென்சி சாலை, லிட்டில் இந்தியாவை ஒட்டி எமிலி மலையடியில் இருக்கிறது. சிக்கல் குழாய்களில். குண்டுவீச்சில் நகரின் குழாய்கள் கண்ட இடமெல்லாம் உடைந்தன. ஓரிடத்தில் அடைப்பதற்குள் வேறிடத்தில் உடைந்தது. ஏற்றிவிட்ட நீரில் பாதிக்கு மேல் வீணாகிறது, அதிகம் போனால் 48 மணி நேரம் தாங்கும், 24 மணி நேரத்திலேயே நின்றுபோகவும் கூடும் என்று நகராட்சி நீர்ப் பொறியாளர் மர்னேன் பிரிட்டிஷ் தளபதி பெர்சிவலிடம் சொன்னார். மறுநாள் சரணடைவு. அதற்கு வேறு காரணங்களும் இருந்தன. ஆனால் நீரேற்று நிலையங்களில் ஆட்கள் வேலையை விடாமல் செய்துகொண்டிருந்தார்கள் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

நீர்த்தேக்கம் இருந்தால் குழாயில் தண்ணீர் வந்துவிடும் என்ற எண்ணம் அந்தப் போரைவிடப் பழையது. குடிநீர்த் திட்டத்துக்கென்று வணிகர் டான் கிம் செங் 1857-இல் 13,000 டாலர் கொடுத்தார். இன்று மெக்ரிச்சி என்று அழைக்கப்படும் நீர்த்தேக்கம் 1868-இல் கட்டி முடிந்தது. ஆனால் பம்புகளும் குழாய்களும் தயாராக 1877 ஆகிவிட்டது! கண்ணெதிரே ஏரி நிறையத் தண்ணீர்; ஊருக்கு வர வழியில்லை. மேட்டுக்கு நீரை ஏற்றினால்தான் அது தானாகப் பள்ளத்துக்கு இறங்கி வீதிவீதியாகப் பாயும். அதற்காகவே 1878-இல் எமிலி மலை உச்சியில் தொட்டி வந்தது. பின்னாளில் அந்தத் தொட்டி நீச்சல்குளமாகி, 1931-இல் மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது.

இன்றைய வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) புளோக்கிலும் நடப்பது, மேட்டுக்கு நீரை ஏற்றும் அதே வேலைதான். கீழ்த்தளத்தில் பூட்டிய அறைக்குள் பம்ப் உறுமுவதைக் கேட்டு, அது நேராக நம் வீட்டுக் குழாய்க்குத்தான் தண்ணீரைத் தள்ளுகிறது என்று நினைக்கிறோம். அப்படியில்லை. கடல்மட்டத்திலிருந்து சுமார் 25 மீட்டர் உயரம்வரை பொதுப் பயனீட்டுக் கழகத்தின் குழாய் அழுத்தமே போதும். அதற்கு மேலுள்ள வீடுகளுக்காகத்தான் பம்ப் நீரை மொட்டைமாடித் தொட்டிக்கு ஏற்றுகிறது. அங்கிருந்து தண்ணீர் தானே இறங்கி வருகிறது. ஆகவே மின்சாரம் நின்றதும் குழாய் வறண்டுவிடாது. தொட்டியில் உள்ளவரை வரும். தொட்டிக்கு நேர் கீழே இருக்கும் மாடிகளுக்குத்தான் உயரம் போதாமல் அழுத்தம் குறையும். அவற்றுக்குத் தனியாகச் சிறு பம்ப் வைத்திருப்பார்கள். தொட்டியில் தேங்கும் தண்ணீர் அழுக்கு என்று பயப்படுகிறவர்களுக்கு ஒரு செய்தி: உரிமம் பெற்ற பிளம்பர் ஆண்டுக்கு ஒருமுறையாவது அதைச் சோதித்துச் சுத்தம் செய்து சான்றளிக்க வேண்டும் என்பது இங்கே சட்டம்.

சென்னையிலோ திருச்சியிலோ வீடு வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. கார்ப்பரேஷன் குழாயிலேயே மோட்டாரை மாட்டி உறிஞ்சினால் நல்லது என்று அங்கே பலரும் நம்புகிறார்கள். அது ஆபத்து; இதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. குழாய்க்குள் அழுத்தம் இருக்கும்வரை, விரிசல் இருந்தாலும் உள்ளிருக்கும் நீர் வெளியேதான் கசியும். சாக்கடை நீர் உள்ளே புக முடியாது. மோட்டார் உறிஞ்சும்போது அந்த அழுத்தம் தலைகீழாகிவிடுகிறது. பக்கத்துச் சாக்கடை நீர் அதே விரிசல் வழியாக உள்ளே இழுபடலாம், தெரு முழுவதற்கும் வாந்தியும் பேதியும் வரக்கூடும். தரைக்கடியில் சம்ப் தொட்டி கட்டுங்கள். அதில் தண்ணீர் தானாக விழட்டும். மோட்டாரைச் சம்பில் போட்டு மாடிக்கு ஏற்றுங்கள்.