இளைஞரில் தெஸ்தோஸ்தரோன் குறைவதற்கான காரணங்கள்

க.பொ.த. (சாதாரண தரம்) – சுகாதாரமும் உடற்கல்வியும்

அறிமுகம்

கட்டிளமைப் பருவத்தில் ஆண் பிள்ளைகளின் குரல் தடிக்கின்றது; மீசை அரும்புகின்றது; தசைகள் விருத்தியடைகின்றன. இவை துணைப் பாலியல்புகள் எனப்படும். இவற்றை ஏற்படுத்தும் பிரதான ஓமோன் தெஸ்தோஸ்தரோன் ஆகும். இது குறைந்தால் என்ன நடக்கும் என்று பெயர் எழுதாத துண்டுகளில் மாணவர்கள் கேட்பதுண்டு. கேட்க வெட்கப்படுவோர் விளம்பரங்களை நம்பிப் பணத்தை இழக்கின்றனர். ஆகவே, பரீட்சைக்காக மட்டுமன்றி உங்களுக்காகவும் இப்பாடத்தை வாசியுங்கள்.

1. சுரக்கும் முறை

பரிவகக்கீழ் → கபச்சுரப்பி → விதை

பரிவகக்கீழ் கபச்சுரப்பியைத் தூண்டும். கபச்சுரப்பி லூட்டினாக்கும் ஓமோனைக் குருதியில் விடும். அது விதைகளிலுள்ள லெய்டிக் கலங்களைத் தூண்டித் தெஸ்தோஸ்தரோனைச் சுரக்கச் செய்யும். குருதியில் தெஸ்தோஸ்தரோன் போதியளவு சேர்ந்ததும் பரிவகக்கீழும் கபச்சுரப்பியும் தூண்டலைக் குறைக்கும். இது எதிர்ப் பின்னூட்டல் எனப்படும். தண்ணீர்த் தாங்கி நிரம்பியதும் மிதவை மேலெழுந்து நீரை நிறுத்துவதைப் போன்றது இது.

2. குறைவதற்கான காரணங்கள்

(அ) விதைகளில் ஏற்படும் குறைபாடு

• கிளைன்பெல்ற்றர் நிலை: வழமையான 46 நிறமூர்த்தங்களுக்குப் பதிலாக 47 இருக்கும். மேலதிகமாக இருப்பது ஓர் எக்ஸ் நிறமூர்த்தம். ஏறத்தாழ 600 ஆண்களில் ஒருவருக்கு இந்நிலை உண்டு. பலர் அதை அறியாமலே வாழ்கின்றனர்.
• பூப்பின் பின்னர் ஏற்படும் கூகைக்கட்டு சிலரில் விதைகளையும் தாக்கும். இலங்கையில் இதற்கெதிரான தடுப்பூசி 2011இல் தேசிய நிகழ்ச்சித்திட்டத்தில் சேர்க்கப்பட்டது.
• விதை முறுக்கடைதல், விபத்து, புற்றுநோய்ச் சிகிச்சை. விதையில் திடீரெனக் கடும் வலி ஏற்பட்டால் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். சில மணித்தியாலங்களுக்குள் வைத்தியசாலைக்குச் செல்லாவிடின் விதையை இழக்க நேரிடலாம்.

(ஆ) பரிவகக்கீழ், கபச்சுரப்பி என்பவற்றின் குறைபாடு

• கபச்சுரப்பியில் தோன்றும் கட்டிகள்.
• கால்மன் நிலை: பிறப்பிலேயே ஏற்படுவது. பூப்பு தாமதமாவதுடன் மணத்தை உணரும் ஆற்றலும் குறைவாக அல்லது இல்லாதிருக்கும்.
• தலசீமியா: அடிக்கடி குருதி ஏற்றுவதால் உடலில் இரும்பு தேங்கிக் கபச்சுரப்பியைப் பாதிக்கும். குருநாகல் போன்ற மாவட்டங்களில் இந்நோயாளர் அதிகம். தேங்கும் இரும்பை அகற்றும் மருந்தை ஒழுங்காக எடுப்பது இதனாலேயே முக்கியமாகின்றது.

(இ) வாழ்க்கை முறைக் காரணிகள்

• மிகை உடற்பருமன்: கொழுப்பிழையம் தெஸ்தோஸ்தரோனின் ஒரு பகுதியை ஈஸ்திரஜனாக மாற்றும். நிறையைக் குறைத்தால் தெஸ்தோஸ்தரோன் மீண்டும் கூடும்.
• நித்திரைக் குறைவு: 2011இல் வெளியான ஐக்கிய அமெரிக்க ஆய்வொன்றில் 10 இளைஞர்கள் ஒரு வாரம் இரவில் 5 மணித்தியாலம் மட்டும் நித்திரை செய்தனர். அவர்களது பகல்நேரத் தெஸ்தோஸ்தரோன் 10–15 சதவீதம் குறைந்தது.
• தசை வளர்க்கும் ஸ்ரெரொயிட் ஊசிகள்: வெளியிலிருந்து ஓமோன் வந்ததும் எதிர்ப் பின்னூட்டலால் உடலின் சொந்தச் சுரப்பு நின்றுவிடும், விதைகள் சுருங்கும். ஊசியை நிறுத்திய பின்னரும் சுரப்பு மீள மாதக்கணக்கில் செல்லலாம்.
• ஹெரோயின் போன்ற போதைப்பொருட் பாவனை, கடுமையான போசணைக் குறைபாடு.

3. எவ்வாறு அறிவது?

களைப்பு, தசை மெலிவு, பாலுணர்வுக் குறைவு என்பன அறிகுறிகளாகலாம். ஆனால் வேறு நோய்களிலும் களைப்பு வரும். எனவே, காலை வேளையில் இரு வெவ்வேறு நாட்களில் குருதியைச் சோதித்தே முடிவு செய்வர். வளர்ந்த ஆண்களில் டெசிலீற்றருக்கு 300 நனோகிராமுக்குக் கீழ்ப்பட்ட அளவு பொதுவாகக் குறைவெனக் கருதப்படும்.

14 வயதாகியும் பூப்பின் அறிகுறி எதுவும் தோன்றாவிடின் வைத்தியரிடம் காட்டுக. இவர்களுட் பலர் இயல்பாகவே சற்றுத் தாமதமாக வளர்பவர்களே.

4. பிழையான கருத்து

விந்து வெளியேறினால் ஆண்மை குறையும் எனச் சிலர் கூறுவர். இது தவறு. தெஸ்தோஸ்தரோன் கானில்லாச் சுரப்பியின் சுரப்பு. அது நேரே குருதியிற் சேர்கின்றது. ஆகவே விந்து வெளியேறுவதால் அது தீர்ந்துபோவதில்லை. இப்பயத்தைக் காட்டி விற்கப்படும் லேகியங்களுக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

மாதிரி வினா

ஸ்ரெரொயிட் ஊசி ஏற்றும் இளைஞனின் தசைகள் பெருக்க, விதைகள் சுருங்குவது ஏன்?

விடை: வெளியிலிருந்து பெறும் ஓமோன் தசைகளை வளர்க்கும். குருதியில் அதன் அளவு கூடுவதால் கபச்சுரப்பி லூட்டினாக்கும் ஓமோன் சுரப்பதைக் குறைக்கும். தூண்டலின்றி விதைகள் செயற்பாடு குறைந்து சுருங்கும்.

குறிப்பு: “எதிர்ப் பின்னூட்டல்” என்று மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். அது நடைபெறும் ஒழுங்கையும் எழுதினாலே விடை பூரணமாகும்.