சிறுநீரகம் மாற்றிய பிறகும் குளிசை எதற்கு?



சிறுநீரக மாற்றுச் சத்திரசிகிச்சை முடிந்து ஒருவர் லயத்துக்குத் திரும்பி வந்தால், "ஒப்பரேஷன் நல்லபடியா முடிஞ்சிருச்சு, இனிப் பயமில்ல" என்று எல்லோரும் சந்தோஷப்படுகிறோம். சந்தோஷப்பட வேண்டியதுதான். வாரத்துக்கு 2, 3 தடவை டயலிசிஸ் மெஷினோடு கிடந்தவர் எழுந்து நடமாடுகிறார் அல்லவா? ஆனால் ஒரு வருஷம் போன பின்பு, "உடம்பு நல்லாத்தானே இருக்கு, இன்னும் என்னத்துக்கு இத்தனை குளிசை?" என்ற கேள்வி வருகிறது. இந்தக் கேள்விக்குச் சரியான பதில் தெரியாமல் போவதால் நல்ல சிறுநீரகங்கள் கெட்டுப்போகின்றன. ஆகவே இந்தப் பாடத்தில் அதையே படிப்போம். வாசிக்கத் தெரிந்த பிள்ளைகள் வீட்டுப் பெரியவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

ஊவாவும் சிறுநீரக நோயும்

சிறுநீரக நோய் நமது மாகாணத்துக்குப் புதிதல்ல. பதுளை மாவட்டத்தின் கீழ்ப்பகுதியில் உள்ள கிராந்துருகோட்டேயில், காரணம் தெளிவாகாத சிறுநீரக நோய் விவசாயக் குடும்பங்களை வாட்டி வருகிறது. மேலே பசறை, லுணுகலை, அப்புத்தளைப் பக்கம் வாழும் நாமும் கவனமாக இருக்க வேண்டும். சீனி வருத்தமும் பிரஷரும் கட்டுப்பாடில்லாமல் இருந்தால் சிறுநீரகம் மெல்ல மெல்லச் செயலிழக்கும்.

முற்றாகச் செயலிழந்தால் இரண்டு வழிதான் உண்டு. ஒன்று டயலிசிஸ், மற்றது சிறுநீரக மாற்று. இலங்கையில் சிறுநீரக மாற்று 1985இல் ஆரம்பமானது. பேராசிரியர் ரெஸ்வி ஷெரிப், பேராசிரியர் ஏ.எச். ஷெரிப்தீன் ஆகியோர் இதில் முன்னோடிகள். 1987ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டம் உறுப்புத் தானத்தை ஒழுங்குபடுத்துகிறது. அச்சட்டப்படி உறுப்பை விற்பது குற்றம். காசு தருகிறேன் என்று தரகர் யாராவது லயத்துக்கு வந்தால் ஏமாந்துவிடாதீர்கள்.

உடம்பின் காவல்

நமது இரத்தத்தில் வெண்குருதிக் கலங்கள் உள்ளன. இவை இரவும் பகலும் சுற்றிவரும் காவல்காரர்கள். கிருமி போன்ற அந்நியப் பொருள் உள்ளே வந்தால் அடையாளம் கண்டு அழிக்கும். அந்த அந்நியத்துக்கென்றே பிறபொருளெதிரி என்னும் ஆயுதத்தையும் செய்யும். ஒரு தடவை கண்ட முகத்தை மறக்காது. பிள்ளைக்குப் போடும் தடுப்பூசி பல வருஷம் வேலை செய்வதும் இதனால்தான். இந்தச் சக்தியை நிர்ப்பீடனம் என்கிறோம்.

மாற்றி வைத்த சிறுநீரகம் உயிர் காக்க வந்தது. ஆனால் காவல்காரனுக்கு அது தெரியாது. அவன் பார்ப்பது அடையாளத்தை மட்டுமே. வேறொருவர் அடையாளத்தைக் கண்டால் அடித்துத் துரத்தப் பார்ப்பான். இதைத்தான் டாக்டர்மார் நிராகரிப்பு என்கிறார்கள்.

கூடப் பிறந்தவர் கொடுத்தாலுமா?

ஆம். நமக்குத் தெரிந்த தேயிலையைக் கொண்டே இதை விளங்கிக்கொள்ளலாம். ஒரே தாய்ச்செடியில் வெட்டி நட்ட வீ.பீ. கன்றுகள் எல்லாம் ஒரே மாதிரி. விதைத் தேயிலையோ ஒரே மரத்து விதையானாலும் செடிக்குச் செடி வேறுபடும். அண்ணன் தம்பி, அக்கா தங்கை எல்லோரும் விதைத் தேயிலை போல. இரண்டு சகோதரருக்கு இந்த அடையாளங்கள் முழுவதும் பொருந்த 4இல் 1 பங்கு வாய்ப்பு, பாதி பொருந்த 4இல் 2 பங்கு, ஒன்றுமே பொருந்தாதிருக்க 4இல் 1 பங்கு. தாய் தகப்பனுக்கும் பிள்ளைக்கும் பாதி பொருந்தும். ஒரு கருவில் பிறந்த ஒத்த இரட்டையர் மட்டும் வீ.பீ. கன்று போல ஒன்றாக இருப்பர்.

1954 டிசம்பர் 23இல் அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் டாக்டர் ஜோசப் மரே செய்த முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று அப்படிப்பட்ட இரட்டையருக்கிடையில்தான் நடந்தது. ரொனால்ட் ஹெரிக் கொடுத்தார், ரிச்சர்ட் ஹெரிக் பெற்றார். உடம்பு அதை நிராகரிக்கவில்லை. ரிச்சர்ட் 8 வருஷம் வாழ்ந்தார். மற்றவர்களுக்கோ நிர்ப்பீடனத்தை அடக்கும் மருந்து வந்த பிறகே வழி திறந்தது. சைக்ளோஸ்போரின் என்ற மருந்து நோர்வே நாட்டு மண்ணில் கண்டெடுத்த பூஞ்சணத்திலிருந்து வந்தது. இன்று அதிகம் கொடுக்கப்படும் டக்ரோலிமஸ் ஜப்பானின் சுகுபா பகுதி மண்ணில் இருந்த பக்றீரியாவிலிருந்து 1984இல் கண்டுபிடிக்கப்பட்டது.

நிராகரிப்பு மூன்று விதம்

1. உடனடி நிராகரிப்பு. பொருத்திய சில நிமிடங்களிலோ மணித்தியாலங்களிலோ நடக்கும். முன்பே உடம்பில் பிறபொருளெதிரி இருப்பதே காரணம். முன்னர் இரத்தம் ஏற்றியவர்களுக்கும் பிள்ளை பெற்ற தாய்மாருக்கும் அவை உருவாகியிருக்கலாம். கணவனோ பிள்ளையோ தாய்க்குக் கொடுக்கும்போது இதை விசேஷமாகக் கவனிக்கிறார்கள். அதற்காகத்தான் இருவர் இரத்தத்தையும் கலந்து சோதிக்கிறார்கள். அந்தச் சோதனையால் இன்று இது மிக அரிது.

2. கடும் நிராகரிப்பு. பெரும்பாலும் முதல் சில மாதங்களில் வரும். சிறுநீர் குறையலாம், கால் முகம் வீங்கலாம், காய்ச்சல் வரலாம். ஒன்றும் தெரியாமல் இரத்தத்தில் கிரியேட்டினின் மட்டும் கூடவும் செய்யலாம். நேரத்தோடு கண்டால் மருந்தால் அடக்க முடியும்.

3. நாட்பட்ட நிராகரிப்பு. பல வருஷமாகச் சத்தமில்லாமல் நடக்கும். காவல்காரர்கள் புதிய ஆயுதம் செய்து சிறுநீரகத்தின் நுண்ணிய இரத்தக் குழாய்களைத் தடிப்பாக்கி அடைத்துவிடுவர். வலி இருக்காது. தெரிய வரும்போது பெரும்பகுதி போயிருக்கும், திரும்பக் கொண்டுவருவதும் கடினம்.

இந்த மூன்றாவதுதான் நமது கேள்விக்குப் பதில். குளிசையை விட்டுவிட்டு எடுத்தால் காவல்காரன் விழித்துக்கொள்வான். பின்பு ஒழுங்காக எடுத்தாலும், ஒருமுறை உண்டான பிறபொருளெதிரி இலேசில் போகாது. "உடம்பு நல்லா இருக்கு" என்றால் குளிசை வேலை செய்கிறது என்று அர்த்தம். குளிசை தேவையில்லை என்று அர்த்தமல்ல.

எத்தனை காலம் வேலை செய்யும்?

உயிரோடிருப்பவர் கொடுத்த சிறுநீரகம் சராசரியாக 15 முதல் 20 வருஷம் வேலை செய்கிறது. மரணித்தவரிடமிருந்து பெற்றது அதிலும் சற்றுக் குறைவு. ஒழுங்காகக் கவனித்தவர்கள் இதையும் தாண்டியிருக்கிறார்கள்.

மருந்துக்கும் விலை உண்டு. காவலை அடக்குவதால் கிருமி தொற்றுவது கூடும். சீனி, பிரஷர், இருதய நோய், சிலவகைப் புற்றுநோய் ஆகியவற்றின் ஆபத்தும் கூடும். டக்ரோலிமஸ் அளவு மிஞ்சினால் சிறுநீரகத்தையே கெடுக்கும். குறைந்தால் நிராகரிப்பு வரும். ஆகவேதான் அடிக்கடி இரத்தம் எடுத்து அளவு பார்க்கிறார்கள்.

நாம் செய்ய வேண்டியவை

• 12 மணித்தியாலத்துக்கு ஒருமுறை எடுக்கும் குளிசைக்குக் காலை 6, மாலை 6 என்று நேரம் வையுங்கள். பெரட்டுக்குப் போகுமுன் ஒன்று, வேலை விட்டு வந்து ஒன்று. மறந்துவிட்டால் அடுத்த முறை இரட்டிப்பாக எடுக்காதீர்கள், கிளினிக்கில் கேளுங்கள்.

• மருந்து அளவு பார்க்கும் நாளில், இரத்தம் கொடுத்த பின்பே காலைக் குளிசையை எடுக்க வேண்டும். பதுளையிலிருந்து கண்டிக்கோ கொழும்புக்கோ விடியற்காலை பஸ் ஏறுபவர்கள் குளிசையைப் பையில் கொண்டுபோங்கள்.

• 2022இல் நாட்டில் மருந்துத் தட்டுப்பாடு வந்தது நினைவிருக்கும். கையில் 2 வாரக் குளிசை இருக்கும்போதே அடுத்ததற்குச் சொல்லிவையுங்கள்.

• தோட்டத்து டிஸ்பென்சரியிலும் வெளி டாக்டரிடமும் கிளினிக் கொப்பியை முதலில் காட்டுங்கள். காசநோய்க்குக் கொடுக்கும் ரிபாம்பிசின், டக்ரோலிமஸின் அளவை வெகுவாகக் குறைத்துவிடும். எரித்ரோமைசின் கூட்டிவிடும். டைக்ளோபெனாக் போன்ற வலிக் குளிசை சிறுநீரகத்துக்குக் கெடுதி.

• கேட்காமல் கஷாயம், சூரணம் எடுக்க வேண்டாம். ஜம்போலா மருந்தின் அளவை மாற்றக்கூடும். காமரங்காய், பிலிங்காய் சாறு சிறுநீரகத்துக்கு நஞ்சு.

• காய்ச்சல் வந்தால் "மழையில நனைஞ்சது" என்று படுத்துக்கொள்ளாமல் அன்றே காட்டுங்கள். தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடியுங்கள்.

• பிள்ளை பெற விரும்பும் பெண்கள் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்ல வேண்டும். மைக்கோபீனலேட் என்ற மருந்து கருவைப் பாதிக்கும். அதை முன்பே மாற்ற வேண்டும்.

கொடுத்தவரை மறக்க வேண்டாம்

தம்பிக்கு அக்காவும், மகனுக்குத் தாயும் கொடுப்பது நம்மிடையே நடக்கிறது. ஒரு சிறுநீரகத்தோடு நன்றாக வாழலாம். ஆனால் கொடுத்தவரும் வருஷத்துக்கு ஒருமுறை பிரஷரும் சிறுநீரும் பார்த்துக்கொள்ள வேண்டும். எப்போது மலையேறிக் கொழுந்து எடுக்கலாம், எவ்வளவு பாரம் தூக்கலாம் என்பதை டாக்டர் சொல்லட்டும். அதுவரை வீட்டார் பொறுக்க வேண்டும். அவர் கொடுத்ததை இன்னொரு முறை கொடுக்க முடியாது. நேரத்துக்கு எடுக்கும் ஒவ்வொரு குளிசையும் அவர் கொடுத்ததைக் காப்பாற்றுகிறது.

வீட்டில் கேட்டுப் பார்ப்போம்

1. சுகமாக இருக்கும்போதும் குளிசை எடுப்பது ஏன்?
2. மருந்து அளவு பார்க்கும் நாளில் காலைக் குளிசையை எப்போது எடுக்க வேண்டும்?
3. நாட்பட்ட நிராகரிப்பு வந்தால் வலிக்குமா?

மூன்றுக்கும் பிள்ளைகள் சரியாகப் பதில் சொன்னால், அவர்களையே குளிசை நேரத்தை ஞாபகப்படுத்தச் சொல்லுங்கள்.