நள்ளிரவில் அறுந்துபோகாத படம்

கைக்குழந்தை எப்போது விழிக்கிறது, கரண்ட் எப்போது போகிறது என்று குறித்து வைப்பவரா? அதை நேர்கோட்டில் வரையாதீர்கள். இரவு 11.50-ம் 12.10-ம் தாளின் இரு கோடிகளில் போய் நிற்கும். வட்டமாக வரைந்தால் பக்கத்துப் பக்கத்தில் விழும்.

பள்ளிக்கூடத்துப் பாகைமானி போதும். ஒரு மணிக்கு 15 பாகை. 4 நிமிடத்துக்கு 1 பாகை. உச்சியில் நள்ளிரவு, அடியில் நண்பகல், வலப்பக்கம் காலை 6, இடப்பக்கம் மாலை 6. கடிகாரம் போல 12 மணி வட்டம் வேண்டாம். விடிகாலை 3-ம் பிற்பகல் 3-ம் ஒன்றாகிவிடும். நிகழ்வுக்கு ஒரு புள்ளி. அதே நேரம் மறுபடி வந்தால் வெளிப்பக்கமாக அடுக்குங்கள்.

புள்ளிக்குப் பதில் விசிறித் துண்டுகள் வரைந்தால் ஒரு கவனம்: எண்ணிக்கை 4 மடங்கானால் ஆரத்தை 2 மடங்கு மட்டுமே கூட்டுங்கள். கண் பரப்பைத்தான் பார்க்கும். ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் 1858-ல் ராணுவ மரணங்களை மாதவாரியாகக் காட்டிய வட்டப் படத்திலும் பரப்புதான் கணக்கு.

சராசரியில்தான் பலரும் சறுக்குவது. 23.30, 0.30 இரண்டையும் கூட்டி வகுத்தால் நண்பகல் 12 என்று வரும்! இரவு நேரங்களை முந்தைய நண்பகலிலிருந்து எண்ணுங்கள்: பதினொன்றரை, பன்னிரண்டரை, சராசரி 12 மணி நேரம், அதாவது நள்ளிரவு.