பனிக்காலத்தில் கிரேஃபிரையர்ஸ் கல்லறைத் தோட்டம்

ஆவி நடமாடுவதாகப் பெயரெடுத்த இந்த எடின்பரோ கல்லறைத் தோட்டத்துக்கு மதியச் சாப்பாடு முடிந்த கையோடு கிளம்புங்கள். டிசம்பரில் மாலை 3.40 வாக்கிலேயே பொழுது சாய்ந்துவிடும். கல்பாவிய பாதையில் உறைபனி படிந்தால் கால் வழுக்கும். பிடிமானமுள்ள பூட்ஸ் அவசியம். தடுமாறினாலும் பழைய கல்லறைக் கற்களைப் பிடிக்காதீர்கள், சாய்ந்துவிடக்கூடும்.

பிணத்திருடர்களுக்குப் பயந்து கல்லறைமேல் பூட்டிய இரும்புக் கூண்டுகளை அவசியம் பாருங்கள். பேயைவிட அவைதான் உலுக்கும்!

இங்கே புதைக்கப்பட்ட வழக்கறிஞர் மெக்கன்சியின் ஆவி தாக்குவதாகச் சொல்லப்படும் கல்லறைமண்டபம் பூட்டிய பகுதிக்குள் இருக்கிறது. வழிகாட்டியோடுதான் போக முடியும். 1679-ல் கவனன்டர் எனும் ஸ்காட்லாந்து மத இயக்கத்துக் கைதிகளை நூற்றுக்கணக்கில் திறந்தவெளியில் அடைத்த இடமும் அந்தப் பூட்டிய பகுதியே. பலர் அங்கேயே மாண்டார்கள். அங்கே கூச்சல், செல்ஃபி வேண்டாம்.

குளிரில் செல்போன் சார்ஜ் சீக்கிரம் இறங்கும். கோட்டின் உள்பையில் வையுங்கள்.