தக்காளிச் செடி ஏன் வாடுகிறது?

கர்நாடகத்தில் கோலார் மாவட்டம் தக்காளிக்குப் பேர் போனது. அங்கே தங்கவயல் பக்கம் தமிழ்க் குடும்பங்கள் பல உண்டு. வயல் இல்லாதவர்களும் கொல்லையில் பத்துச் செடி வைக்கலாம். குழம்புக்குக் காய் கிடைக்கும். மிஞ்சினால் நாலு காசும் கிடைக்கும்.

செடி நன்றாக வளர்கிறது. பூ விடுகிறது. பிஞ்சு பிடிக்கிறது. ஒரு நாள் திடீரென்று தலை தொங்குகிறது. அப்போது என்ன செய்வது? பக்கத்து வீட்டுப் பெண்கள் இருவர் பேசுவதைக் கேட்போம்.

"என்ன தங்கச்சி, பையோடு எங்கே கிளம்பிவிட்டாய்?"

"மருந்துக் கடைக்கு, அக்கா. தக்காளி எல்லாம் வாடுகிறது. கடன் சொல்லி மருந்து வாங்கப் போகிறேன்."

"என்ன நோய் என்று தெரியுமா?"

"தெரியாதே, அக்கா."

"நோய் தெரியாமல் மருந்து எதற்கு? கடன்தான் மிஞ்சும். ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் கொண்டு வா. முதலில் பார்ப்போம்."

அக்கா சொன்னது சரி. வாடுவது ஒன்றுதான். காரணம் பல.

பார்த்துத் தெரிந்துகொள்வோம்

முதலில் மண்ணைத் தொட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் தண்ணீர் விடுங்கள். தண்ணீர் தேங்கி நின்றால் வடித்து விடுங்கள். மண் பதமாக இருந்தும் செடி வாடுகிறதா? அப்படியானால் ஒரு செடியை வேரோடு பிடுங்கிப் பாருங்கள்.

1. இலை பச்சையாக இருக்கும்போதே செடி சட்டென்று வாடினால், அது பாக்டீரியா வாடல் நோயாக இருக்கலாம்.

2. அடி இலை முதலில் மஞ்சளாகும். சில சமயம் ஒரு பக்கம் மட்டும் மஞ்சளாகும். பிறகு மெல்ல மேலே ஏறும். தண்டைப் பிளந்தால் உள்ளே பழுப்புக் கோடு தெரியும். இது பூசண வாடல் நோயாக இருக்கலாம்.

3. வேரில் முடிச்சு முடிச்சாக வீக்கம் இருந்தால், அது நூற்புழுவின் வேலை.

4. தண்டின் அடியில் வெள்ளை நூலும், கடுகு போன்ற உருண்டைகளும் இருந்தால், அது வேறொரு பூசணத்தால் வரும் அழுகல்.

டம்ளர் சோதனை

வாடிய செடியின் அடித்தண்டில் ஒரு விரல் நீளத் துண்டு வெட்டுங்கள். டம்ளரில் தெளிந்த தண்ணீர் எடுங்கள். தண்டின் அடிமுனை தண்ணீரில் படும்படி பிடியுங்கள். ஆட்டாதீர்கள். ஐந்து நிமிடம் பாருங்கள். வெட்டிய இடத்திலிருந்து பால் போல வெள்ளை இழை இறங்குகிறதா? அப்படியானால் அது பாக்டீரியா வாடல் நோய். பூசண வாடலில் இப்படி இழை இறங்காது.

என்ன செய்வோம்?

பாக்டீரியா வாடல் நோய் வந்த செடியை எந்த மருந்தும் பிழைக்க வைக்காது. மற்றச் செடிகளைக் காப்பாற்றுவதே நம் வேலை.

- நோய் வந்த செடியை வேரோடு பிடுங்கி எரியுங்கள். எருக்குழியில் போடாதீர்கள். வாய்க்காலில் வீசாதீர்கள்.
- அந்தப் பாத்தித் தண்ணீர் அடுத்த பாத்திக்கு ஓடக் கூடாது. நோய்க்கிருமி தண்ணீரோடும் மண்ணோடும் பரவும்.
- களைக்கொத்து, மண்வெட்டி, கால் எல்லாவற்றையும் கழுவுங்கள்.
- அதே மண்ணில் மூன்று ஆண்டுகளுக்குத் தக்காளி, கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கு வேண்டாம். இவை எல்லாம் ஒரே குடும்பம். ராகி, மக்காச்சோளம் போடலாம்.
- வேறு இடம் இல்லையா? சாக்குப் பையில் புது மண்ணும் மட்கிய எருவும் நிரப்பித் தக்காளி வைக்கலாம்.

இந்த நோய் மனிதருக்குத் தொற்றாது. மருந்து அடிக்காத செடியின் நல்ல காயைச் சமைக்கலாம். ஆனால் அதிலிருந்து விதை எடுக்க வேண்டாம்.

விதைப் பொட்டலத்தைப் படிப்போம்

நாம் கற்ற எழுத்து இங்கே கை கொடுக்கும். விதை வாங்கும்போது ரகத்தின் பெயரைப் படியுங்கள். பெங்களூரில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் அர்கா ஆபா, அர்கா ஆலோக், அர்கா ரக்ஷக் ஆகிய ரகங்களைத் தந்துள்ளது. இவை பாக்டீரியா வாடல் நோயைத் தாங்கும். தாங்கும் என்றால் நோய் வரவே வராது என்று பொருள் அல்ல. மேலே சொன்ன கவனமும் வேண்டும். அர்கா ரக்ஷக் கலப்பின விதை. அதன் பழத்திலிருந்து விதை எடுத்தால் அதே குணம் வராது.

சந்தேகம் வந்தால் விவசாயிகள் அழைப்பு மையத்தைக் கேளுங்கள். எண் 1800-180-1551. கட்டணம் இல்லை. அருகில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்துக்கு வாடிய செடியைப் பையில் கட்டி எடுத்துச் செல்லலாம்.

பேசுவோம், எழுதுவோம்

1. நோய் தெரியாமல் மருந்து வாங்கினால் என்ன நஷ்டம்?
2. டம்ளர் சோதனையில் எதைப் பார்க்க வேண்டும்?
3. உங்கள் பாத்தியில் எந்த ஆண்டு என்ன பயிர் வைத்தீர்கள்? நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்த பயிரைத் தீர்மானிக்க அது உதவும்.