எல்லாம் ஒரே ஃபாக்டரி சரக்கா?

"எல்லாம் ஒரே ஃபாக்டரி சரக்குதானே சார், மேல ஒட்டுற பேரு மட்டும்தானே வேற?" விலை உயர்ந்த கண்ணாடி ஃப்ரேம் பற்றிப் பேச்செடுத்தால் போதும், இந்த வசனம் வந்துவிடும். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் சொல்கிறார். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மாமா அனுப்புகிறார். நான் கண்ணாடித் தொழிலில் இருப்பவன் என்று தெரிந்துவிட்டால் இன்னும் உற்சாகம்: "நீங்களே சொல்லுங்க, நூறு ரூபா பிளாஸ்டிக்குதானே அது?"

இல்லை ஐயா. இதில் கால்வாசி உண்மை இருக்கிறது. அதை வைத்துக்கொண்டுதான் மீதி முக்கால்வாசிப் பொய் இத்தனை வருடமாக ஊரைச் சுற்றுகிறது.

முதலில் அந்தக் கால்வாசியைச் சொல்லிவிடுகிறேன். இத்தாலியின் வடக்கே, மலைகளுக்கு நடுவில் அகோர்தோ என்று ஓர் ஊர். லியோனார்தோ தெல் வெக்கியோ என்பவர் அங்கே 1961-இல் ஆரம்பித்த பட்டறைதான் லக்ஸோட்டிக்கா. அடுத்த கம்பெனிகளுக்கு உதிரிபாகம் செய்து கொடுத்துத்தான் பிழைப்பைத் தொடங்கியது. பிறகு 1995-இல் பெர்சோல், 1999-இல் ரே-பான், 2007-இல் ஓக்லி என்று வரிசையாக வாங்கியது. 2018-இல் பிரான்ஸின் லென்ஸ் கம்பெனியான எஸ்ஸிலோருடன் இணைந்தது. ஷனேல், பிராடா ஃப்ரேம்களும் உரிமத்தின் பேரில் இவர்கள் செய்வதுதான். ஃப்ரேம் செய்பவர்களிடமே கடைகளும் இருக்கின்றன. 2012-இல் அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சி '60 மினிட்ஸ்' நிகழ்ச்சியில் இதைப் போட்டுக் காட்டியதும் உலகமே வாயைப் பிளந்தது. நியாயம்தான், பிளக்க வேண்டிய விஷயம்தான்.

ஆனால் முதலாளி ஒருவர் என்றால் பட்டறையும் ஒன்றாகிவிடுமா? முதலாளியே ஒருவர் கிடையாது. கூச்சி, கார்ட்டியர் ஃப்ரேம்கள் கெரிங் குழுமத்திடம். டியோர், எல்விஎம்ஹெச் குழுமத்தின் தெலியோஸ் கம்பெனியிடம். டாம் ஃபோர்ட், மார்கோலினிடம். லக்ஸோட்டிக்காவுக்குள்ளேயே இத்தாலி, சீனாவின் துங்குவான், நம் ராஜஸ்தானின் பிவாடி என்று பல இடங்களில் ஆலைகள். ரே-பான் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். பாஷ் அண்ட் லாம்ப் கையில் இருந்த கடைசிக் காலத்தில் அது அமெரிக்கப் பெட்ரோல் பங்குகளில் தொங்கிய மலிவுச் சரக்கு. லக்ஸோட்டிக்கா வாங்கியதும் அந்தக் கடைகளிலிருந்து எடுத்துவிட்டு, தயாரிப்பை மாற்றி, விலையையும் ஏற்றியது. பெயர் அதே பெயர், பொருள் வேறு. இந்த வதந்திக்காரர்கள் பெயரைத் தாண்டி ஃப்ரேமைப் பார்ப்பதே இல்லை.

பார்த்தால் என்ன தெரியும்? நாம் 'ஷெல் ஃப்ரேம்' என்று சொல்வதில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று, உருக்கிய பிளாஸ்டிக்கை எஃகு அச்சுக்குள் பாய்ச்சி எடுப்பது. இட்லித் தட்டு வேலை. சில விநாடிகளில் வெந்து விழுந்துவிடும், நிறத்தை அப்புறம் மேலே தெளித்துக்கொள்ளலாம். இன்னொன்று அசிடேட். பஞ்சுக் கொட்டையின் மேல் ஒட்டியிருக்கும் குறு நூலிலும் மரக்கூழிலும் இருந்து எடுத்த செல்லுலோஸ்தான் அதற்கு மூலம். இதில் பேர் போனது, வாரேசே மாவட்டத்தின் காஸ்திலியோனே ஒலோனா ஊரிலுள்ள மட்சுக்கெல்லி. 1849-லிருந்து இருக்கிறார்கள், சீப்பும் பொத்தானும் செய்து தொடங்கியவர்கள்.

நல்ல அசிடேட் எப்படி வருகிறது என்று தெரிந்தால் அந்தப் பந்திக்காரர் இலையை மடித்துக்கொண்டு எழுந்துவிடுவார். மாவு மாதிரி பிசைந்து, வடிகட்டி, நிறம் சேர்த்து, உருளையில் தேய்த்துத் தகடாக்குகிறார்கள். வெவ்வேறு நிறத் துண்டுகளை அடுக்கி, சூட்டிலும் அழுத்தத்திலும் ஒரே பாளமாக்கி, அதை மறுபடி சீவுகிறார்கள். உள்ளே தங்கிய கரைப்பான் வெளியேறும்வரை காயப்போட வேண்டும், நாள்கணக்கு, வாரக்கணக்கு. அவசரப்பட்டால் ஃப்ரேம் ஆன பிறகு சுருங்கும், கோணும், லென்ஸ் கழன்று விழும். அந்தத் தகட்டிலிருந்து ஃப்ரேமைக் கடைந்து எடுத்து, மரச்சில்லும் நுரைக்கல் பொடியும் நிறைந்த பீப்பாய்களில் போட்டு நாள்கணக்கில் உருட்டுகிறார்கள். கூர்முனைகள் அங்கேதான் மழுங்குகின்றன. கடைசி மெருகு சக்கரத்தில், கையால். நிறம் மேல்பூச்சில் இல்லை, உடம்பு முழுக்க ஓடுகிறது. கீறல் விழுந்தால் தேய்த்து எடுத்துவிடலாம். தெளித்த ஃப்ரேமில் கீறினால் உள்ளே வெள்ளையாகப் பல்லிளிக்கும்.

சந்தேகமா, கையில் எடுத்துப் பாருங்கள். லென்ஸ் உட்காரும் பள்ளத்தின் ஓரத்தில் நிறம் தொடர்கிறதா? மூக்குப் பக்கம் அச்சுக் கோடு தட்டுப்படுகிறதா? காதில் மாட்டும் சைடுக்குள் உலோகக் கம்பி ஓடுகிறதா? முன்பக்கம் இரண்டு புள்ளிகள் மின்னினால், அவை கீலைப் பிடித்திருக்கும் நிஜ ரிவெட்டா அல்லது அழகுக்கு ஒட்டிய பொட்டா என்று சைடைத் திறந்து பின்னால் பாருங்கள். இதற்குக் கண்ணாடிக்காரன் தேவையில்லை, கண் போதும். (குழந்தைகளுக்கும் விளையாட்டுக்காரர்களுக்கும் அச்சில் வார்த்த நைலான் வகைதான் நல்லது. அதை மட்டம் என்று நான் சொல்லவில்லை. இரண்டும் ஒன்று என்பதைத்தான் மறுக்கிறேன்.)

உலோகத்துக்கு வந்தால் ஜப்பானின் ஃபுகுயி மாகாணம், சபாயே நகரம். பனிக்காலத்தில் வயல் வேலை இல்லாமல் முடங்கிய கிராமத்துக்குப் பிழைப்பு தேடி, 1905-இல் மசுநாகா கொஸாயெமோன் என்பவர் ஒசாகாவிலிருந்து கைவினைஞர்களை அழைத்து வந்து ஊர்க்காரர்களுக்குக் கற்றுக்கொடுக்க வைத்தார். சிறு சிறு குழுவாகப் பிரித்துப் போட்டியிட வைத்தார். இன்று ஜப்பானில் செய்யப்படும் ஃப்ரேம்களில் பத்தில் ஒன்பதுக்கு மேல் அந்த வட்டாரத்திலிருந்து வருகின்றன. 1980-களில் டைட்டானியத்தைக் கண்ணாடி ஃப்ரேமுக்குள் கொண்டுவந்தவர்களும் அவர்கள்தான். டைட்டானியம் லேசு, துருப்பிடிக்காது. ஆனால் மகா பிடிவாதம்: வளைத்தால் திரும்பிக்கொள்ளும், சூடாக்கினால் காற்றோடு சேர்ந்து கெட்டுப்போகும். அதனால் ஆர்கான் வாயுவைச் சூழவிட்டுத்தான் பற்றவைக்க வேண்டும். டென்மார்க்கின் லிண்ட்பெர்க் இந்தத் தொல்லையே வேண்டாம் என்று, கம்பியை வளைத்துச் சுருட்டியே கீலைச் செய்தது. திருகாணியும் இல்லை, பற்றவைப்பும் இல்லை. இதையெல்லாமா 'மேல பேரு ஒட்டுற' வேலை என்கிறீர்கள்?

உடனே ஒரு சாட்சியைக் கொண்டுவருவார்கள். லென்ஸ்கிராஃப்டர்ஸ் கடைகளைத் தொடங்கிய டீன் பட்லர் 2019-இல் ஓர் அமெரிக்க நாளிதழிடம் சொன்னது: 4 முதல் 8 டாலருக்குள் நல்ல ஃப்ரேம் செய்துவிடலாம், 15 டாலருக்கு டிசைனர் தரமே கிடைக்கும். பார்த்தீர்களா, 15 டாலர்தான் என்று குதிக்கிறார்கள். அதே வாக்கியத்தில் 4 இருக்கிறதே, அது கண்ணில் படவில்லையா? ஃபாக்டரி வாசலிலேயே இரண்டு மடங்கு, நான்கு மடங்கு வித்தியாசம் என்று அவரே சொல்லியிருக்கிறார். எல்லாம் ஒன்று என்பதற்கு இது எப்படி ஆதாரமாகும்?

15 டாலர் பொருளைப் பல நூறு டாலருக்கு விற்பது நியாயமா என்று கேளுங்கள், உங்கள் பக்கம் வந்து நிற்கிறேன். அது கொள்ளைதான். அந்தக் காசில் பெரும்பங்கு பெயருக்கும், விளம்பரத்துக்கும், கடை வாடகைக்கும் போகிறது. சட்டைக்கும் பைக்கும் பேர் போன நிறுவனங்களின் ஃப்ரேமைவிட, கண்ணாடி மட்டுமே செய்யும் சிறிய சபாயே பட்டறையின் ஃப்ரேம் பல சமயம் குறைந்த விலையில் கூடுதல் வேலைப்பாட்டோடு இருக்கும். விலை ஏமாற்று என்பதால் வேலையும் ஏமாற்று என்று முடிவு கட்டுவதுதான் சோம்பேறித்தனம்.

மற்ற நம்பிக்கைகளுக்கு இவ்வளவு மூச்சு தேவையில்லை. கனமாக இருந்தால் உசத்தி என்பது சும்மா. டைட்டானியம் பற்றி இப்போதுதான் சொன்னேன். 'மேட் இன் இத்தாலி' என்றால் ஆதி முதல் அந்தம் வரை அங்கேயே செய்தது என்று பொருளில்லை. கடைசியாகக் கணிசமான வேலை எங்கே நடந்ததோ அந்த நாட்டின் பெயரைப் போட ஐரோப்பியச் சுங்க விதி இடம் தருகிறது. சீனா என்றால் மட்டம் என்பவர்கள் ஷென்சென்னின் ஹெங்காங் பட்டறைகளைப் பற்றிக் கேள்விப்படாதவர்கள்.

விலை கூடிய கூலிங் கிளாஸ்தான் கண்ணைக் காக்கும் என்பதும் தவறு. புற ஊதாக் கதிரைத் தடுக்கும் லென்ஸ் மலிவாகவே கிடைக்கிறது. கருப்பாக இருப்பதற்கும் தடுப்பதற்கும் சம்பந்தமில்லை. தடுப்பில்லாத கருப்பு, கண்மணியை விரியவைத்துக் கூடுதல் கதிரை உள்ளே விடும். கடையில் அளவுக் கருவி இருந்தால் வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

'ஆமை ஓடு' ஃப்ரேம் நிஜ ஆமை ஓடு என்று இன்னும் ரகசியமாக விற்பவர்களும் வாங்குபவர்களும் உண்டு. தொண்ணூற்றொன்பது பேரிடம் இருப்பது அந்த நிறத்தில் வந்த அசிடேட். நூறாவது ஆளிடம் இருப்பது நிஜம் என்றால், அது நம் மன்னார் வளைகுடாவிலும் நீந்தும் அழுங்காமையின் ஓடு. அதன் சர்வதேச வணிகம் 1977 முதல் தடை. இந்திய வனவிலங்குச் சட்டத்தில் அது முதல் அட்டவணை உயிரினம். பெருமை பேசும் முன் வக்கீலைப் பாருங்கள்.

கடைசியாக என் சொந்தச் சண்டை ஒன்று. இந்த 'எல்லாம் ஒண்ணுதான்' பேச்சால் அழிவது பணக்காரக் கம்பெனிகள் இல்லை, ஃப்ரேமைச் சரிசெய்யத் தெரிந்த கைகள். அசிடேட்டுக்கு மிதமான சூடு காட்டினால் மூக்குக்கும் காதுக்கும் ஏற்றபடி வளையும். ஐரோப்பிய மூக்குக்கு வெட்டிய பாலம் நமக்கு வழுக்குகிறதா? மூக்கு உட்காரும் பகுதியை அரம் போட்டு எடுத்துவிட்டு, கொஞ்சம் பருமனாக வேறு ஒட்டி மெருகேற்றலாம். ஒடிந்த கீலை மாற்றலாம். இருபது வருடம் ஓட்டலாம். இது தெரிந்த ஆள் ஒவ்வொரு ஊரிலும் ஒருவராவது இருந்தார். இன்று பளபளக்கும் ஷோரூம்களில் ஸ்குரூ கழன்றால்கூட "புதுசு பாத்துக்கலாம் சார்" என்கிறார்கள். ஒண்ணுதானே என்று நாமும் பார்த்துக்கொள்கிறோம்.

அடுத்த முறை ஃப்ரேம் வாங்கும்போது சைடின் உட்புறத்தைப் பாருங்கள். 52, 18, 140 என்பதுபோல் மூன்று எண்கள் இருக்கும்: லென்ஸின் அகலம், மூக்குப் பாலம், சைடின் நீளம், எல்லாம் மில்லிமீட்டரில். உங்கள் மூக்குக்கு நடு எண் எவ்வளவு வேண்டும் என்று கடைக்காரரிடம் கேளுங்கள். அளந்து சொல்பவரிடம் வாங்குங்கள். திருதிருவென்று விழித்தால் அடுத்த கடை.